மஞ்சள் காலிப்பரும் வரக்காப்பி கலர் பிரேக் ஆயிலும்

போன வாரம் எங்க வீட்டு மகாராணிக்கு எல்.எல்.ஆர். வந்துடுச்சு. வந்த அன்னிக்கே, "அப்பா, ஜென் சாவி குடு, லாஸ்பேட்டை பக்கம் ஒரு ரவுண்டு போலாம்"னு ஆரம்பிச்சுட்டா. சாவியைக் கையில எடுத்தவன் அப்படியே நின்னுட்டேன். எதுக்கு நின்னேன்னு அவளுக்குத் தெரியாது. அவங்கம்மாவுக்கும் தெரியாது. பன்னெண்டு வருஷமா வெளிய சொல்லாத ஒரு சமாச்சாரம். இன்னிக்கு இங்க கொட்டிடறேன். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்குங்க மக்கா.

கொசுவத்தியை 2014-க்குச் சுத்துவோம்.

பாரீஸ்ல இருக்கற என் மாமா பையன், என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். மாமா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். முத்தியால்பேட்டையில 'சொல்தா வீடு'ன்னு கேட்டா சின்னப் புள்ளகூட வழி காட்டும். பையன் அங்கேயே செட்டில். சம்பாதிச்ச காசைச் சேர்த்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு போர்ஷே 911 வாங்கி வெச்சிருந்தான். அதோட இரும்பு டிஸ்க்கைக் கழட்டிப் போட்டுட்டு செராமிக் டிஸ்க் மாட்டினதா ஒரு நாள் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினான். சாம்பல் கலர்ல, கருங்கல் தரை மாதிரி புள்ளி புள்ளியா ஒரு தட்டு. அதைக் கவ்விக்கிட்டு பளீர்னு மஞ்சள் காலிப்பர்.

"எவ்ளோ மாப்ள ஆச்சு?"ன்னு கேட்டேன். சொன்னான். நம்ம ஊர் காசுல கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஜென்னைப் போல நாலஞ்சு வாங்கலாம். "ஃப்ரேனுக்கா இவ்ளோ!"ன்னேன். எங்க ஊர்ல பிரெஞ்சு தெரியாதவனுக்கும் நாலு வார்த்தை தெரியும் :-) அவன் சிரிச்சுட்டு, "மச்சான், நிக்கத் தெரிஞ்ச வண்டிதான் ஓடத் தெரிஞ்ச வண்டி"ன்னான். என்னமோ தத்துவம் மாதிரி இருந்துச்சு. (மஞ்சள் பெயிண்ட் அவனே அடிச்சதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒத்துக்கிட்டான். போர்ஷே கம்பெனியில செராமிக் பிரேக்கோட வர்ற வண்டிக்குத்தான் மஞ்சள் காலிப்பர். இவனுது வெளிய வாங்கி மாட்டினது.)

அதென்ன செராமிக்? டீ கப், ஜாடி எல்லாம் அதுதானே, கீழ போட்டா உடையுமேன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. விஷயம் வேற. கார்பன் இழையைப் பிசினோட கலந்து அச்சுல அழுத்தி, காத்துப் படாத உலையில சுட்டு எடுக்கறாங்க. பிசின் கரியாப் போய், உள்ள பொடிப் பொடித் துளையோட ஒரு கார்பன் தட்டு கிடைக்கும். அப்புறம் 1,414 டிகிரியில உருகற சிலிக்கானை உருக்கி அதுக்குள்ள ஊற வெச்சா, கார்பனும் சிலிக்கானும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடா மாறிடும். சாணைக்கல்லுல இருக்கற அதே சரக்குதான். இழை உள்ள கம்பி கட்டின கான்கிரீட் மாதிரி பிடிச்சுக்கறதால டீ கப் மாதிரி பொட்டுனு உடையாது. எடை இரும்பு டிஸ்க்குல ஏறக்குறைய பாதி. செக்கச்செவேல்னு காய்ஞ்சாலும் பிடி குறையாது. துருவும் பிடிக்காது. பீச் பக்கம் குடியிருக்கறவங்களுக்கு இதோட அருமை தெரியும். ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில எடுத்தா, முதல் பிரேக்குல டிஸ்க் 'கர்ர்ர்'ருனு துருவைச் சுரண்டிக்கிட்டுத்தான் நிக்கும்.

ஆகாச விமானத்துக்கு வந்த கார்பன் பிரேக்தான் கொஞ்சம் கொஞ்சமா ரோட்டுக்கு இறங்கிச்சு. 1976-ல பயணிகளை ஏத்திப் பறக்க ஆரம்பிச்ச கான்கார்ட் விமானத்துக்குக் கார்பன் பிரேக்தான். நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஓட்டின ஃபார்முலா 1 வண்டிக்கும் கார்பன்தான். போர்ஷே 2001-ல 911 ஜிடி2-வுல செராமிக் டிஸ்க்கைக் கொண்டு வந்துச்சு. நம்ம நாட்டுக்கும் கார்பன் புதுசு இல்ல. அக்னி ஏவுகணைக்காகப் பண்ணின கார்பன் சரக்கை ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் ஒருத்தர் கையில எடுத்துப் பார்த்துட்டு, கலாமைக் கூட்டிப் போய், மூணு கிலோவுக்கு மேல இரும்பைக் கால்ல கட்டிக்கிட்டு இழுத்து நடக்கற குழந்தைகளைக் காட்டினாராம். மூணே வாரத்துல 300 கிராம்ல செஞ்சு கொடுத்ததா கலாம் பல மேடைகள்ல சொல்லியிருக்கார். அந்தக் கால் சட்டத்துக்கும் பேரு காலிப்பர்தான். எனக்குப் பிடிச்ச காலிப்பர் அதுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

போட்டோ பார்த்ததுலேர்ந்து எனக்கு அரிப்பு. என்னுது 2004 மாடல் மாருதி ஜென். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். 2009-ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. இந்த வண்டிக்கு செராமிக் டிஸ்க் எவன் பண்ணப் போறான்? ஆனா சென்னை ஜி.பி. ரோட்டுக்கு வேற வேலையாப் போனப்ப ஒரு கடையில 'செராமிக்'னு கொட்டை எழுத்துல போட்ட டப்பா கண்ணுல பட்டுச்சு. ஜென்னுக்கே இருக்காம்! 3,500 ரூபாய். வாங்கிட்டேன்.

இங்கதான் நம்மள மாதிரி ஆளுங்க ஏமாறோம். டப்பாவுல இருந்தது செராமிக் டிஸ்க் இல்ல, செராமிக் பேடு. டிஸ்க் அதே பழைய வார்ப்பிரும்பு. அதை உரசற பேடுல மட்டும் செராமிக் இழை கலந்திருக்கும். சத்தம் கம்மி, வீல்ல கரும்பொடி கம்மி, நல்ல சரக்குதான், குறை சொல்லல. ஆனா போர்ஷே செராமிக்குக்கும் இதுக்கும் பேர்ப் பொருத்தம் மட்டும்தான். எனக்கு அன்னிக்கு அது தெரியாமலும் இல்ல. தெரிஞ்சேதான் ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட "நம்ம ஜென்னுக்கு செராமிக் போட்டாச்சு"ன்னு அலட்டிக்கிட்டேன்.

நெல்லித்தோப்புல நம்ம மெக்கானிக் பாய்தான் மாட்டினார். மாட்டிட்டு, பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"சார், ஆயில் இன்னா இப்படி கீது? எப்போ மாத்தினீங்க?"

"வண்டி வாங்கினதுலேர்ந்து மாத்தல பாய். குறையலையே?"

"குறையாது சார். ஆனா கெட்டுப்போவும். அறுநூறு ரூபா ஆவும், மாத்திடலாமா? பின்னாடி ஷூவும் தேஞ்சுதான் இருக்கு."

கையில இருந்த காசு பேடுக்குப் போயிடுச்சு. "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் பாய்"னுட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. டப்பா மூடியைத் துடைச்சுத் திருகி மூடினார். அந்தக் கை இன்னும் ஞாபகம் இருக்கு.

அந்த மே மாசம் ஏற்காடு போனோம். நான், வீட்டம்மா, ஆறு வயசுப் பொண்ணு, மச்சினிச்சி. டிக்கி நிறைய மூட்டை. ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்ல. ரெண்டு நாள் ஊர் சுத்திட்டு மூணாம் நாள் மத்தியானம் இறங்கினோம்.

இப்ப சொல்லப் போறதுதான் யார்கிட்டயும் சொல்லாதது. இறக்கத்துல பெட்ரோல் மிச்சம் பிடிக்கறேன்னு நியூட்ரல்ல வண்டியை விட்டேன். எஞ்சினை அணைக்கல, அவ்வளவு கூறுகெட்டவன் இல்ல. ஆனா நியூட்ரல். வண்டி சும்மா கெத்தா வழுக்கிக்கிட்டு இறங்குது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் பிரேக், நடுவுல லேசா பிரேக், அடுத்த வளைவுல மறுபடியும் பிரேக். காலை எடுக்கவே இல்லைன்னு சொல்லலாம். மொத்தம் 20 வளைவு, மேலேர்ந்து எண்ணிக்கிட்டே வர்றா பொண்ணு. "பன்னெண்டு... பதினொண்ணு..." எங்கிருந்தோ எரிஞ்ச வாடை. முன்னாடி போற லாரின்னு நினைச்சேன். முன்னாடி லாரியே இல்ல.

எட்டாவது வளைவுக்கு முன்னாடி பெடலை மிதிச்சேன். பஞ்சு மூட்டையை மிதிச்ச மாதிரி, சத்தமே இல்லாம அடி வரைக்கும் போயிடுச்சு. வண்டி நிக்கல.

பயம்கூட உடனே வரல. கால் பாட்டுக்கு மிதிச்சு மிதிச்சு விடுது. நாலாவது மிதிக்குக் கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. மூணாவது கியரைத் திணிச்சு, அதுலேர்ந்து ரெண்டாவதுக்குத் தள்ளினேன். எஞ்சின் அலறுச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே வண்டியை மலை ஓரமா மண் மேட்டுல உரச விட்டேன். இடது பக்கம் முழுக்க கிறீச்சுனு கோடு போட்டுக்கிட்டு ஒரு வழியா நின்னுச்சு. வளைவுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு பஸ் நிக்கற அளவுதான் இடம். அதுக்கப்புறம் தடுப்புச் சுவர். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல.

"எட்டு"ன்னா பொண்ணு.

"இன்னாங்க ஆச்சு?"ன்னா வீட்டம்மா. "ரேடியேட்டர் சூடாயிடுச்சும்மா, கொஞ்ச நேரம் நிறுத்துவோம்"னேன். கை நடுங்கினது தெரியக் கூடாதுன்னு இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னேன். தண்ணி பாட்டிலை எடுத்து முன் வீல்ல ஊத்தப் போனப்ப, கீழேர்ந்து ஏறி வந்த வேன் டிரைவர் ஒருத்தர் வண்டியை நிறுத்திக் கத்தினார். "ஊத்தாதண்ணே! டிஸ்க் வெடிச்சுரும். ஒரு மணி நேரம் சும்மா விடு. அப்புறம் ரெண்டாவதுல போட்டு இறக்கு." அவருக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சு. பின் சீட்டுல குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேற எதுவும் பேசாமப் போயிட்டார்.

ஒரு மணி நேரம் கழிச்சு மிதிச்சுப் பார்த்தா பெடல் கல்லு மாதிரி பழையபடி இருக்கு! பேய் புகுந்து போன மாதிரி. அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன், யாருக்காவது உதவும்.

பிரேக் வண்டியோட வேகத்தைத் தின்னுட்டு சூடா மாத்தற மிஷின். அவ்வளவுதான். மாப்ளயோட போர்ஷே ஆளோட சேர்த்து சுமார் 1,400 கிலோ. 200 கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து ஒரே மிதியில நிறுத்தினா வர்ற சூட்டுல 7 லிட்டர் பச்சைத் தண்ணி கொதி நிலைக்கு வந்துடும். அதே வண்டி 100-ல போனா ரெண்டு லிட்டர்கூட இல்ல. வேகம் பாதியானா சூடு கால்வாசி.

இப்ப என் ஜென்னுக்கு வாங்க. ஆளும் மூட்டையுமா சுமார் 1,050 கிலோ. ஏற்காட்டுலேர்ந்து அடிவாரம் 1,000 மீட்டர் இறக்கம்னே வெச்சுக்குவோம். அந்த இறக்கத்தோட சக்தி மொத்தமும் சூடா மாறினா 34 லிட்டர் தண்ணி கொதிக்கும். ரெண்டு குடத்துக்கு மேல! போர்ஷேவை 200-லேர்ந்து நாலஞ்சு தடவை அடுத்தடுத்து நிறுத்தற சூடு, 40 கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்து வந்த என் ஜென்னுக்கு. காத்துல கொஞ்சம் ஆறும், சரி. ஆனா கியர்ல வந்திருந்தா எஞ்சின் பெரும் பங்கை வாங்கிக்கிட்டிருக்கும். நான் நியூட்ரல்ல விட்டு, எல்லாத்தையும் முன்னாடி இருக்கற ரெண்டு சின்னத் தட்டு தலையில கட்டினேன்.

அந்தச் சூடு பேடு வழியா பிரேக் ஆயிலுக்குப் போகும். ஆயில்னு சொல்றோமே தவிர அது எண்ணெய் இல்ல. காத்துல இருக்கற ஈரத்தை உப்பு மாதிரி உறிஞ்சற திரவம். புதுசா இருக்கும்போது டாட் 3 ரகம் குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, டாட் 4 ரகம் 230. அதுல 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 தாங்கினாப் போதும்கறதுதான் தர விதியே. பாண்டிச்சேரி கடல் காத்துல, நான் வாங்கினப்புறமே அஞ்சு வருஷம் கிடந்த ஆயில் எவ்வளவு குடிச்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. கொதிச்சா உள்ள ஆவிக் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம மிதிக்கற மிதியெல்லாம் குமிழியை நசுக்கறதுலயே போயிடும், வீலுக்குப் போய்ச் சேராது. ஆறினா குமிழி மறையும், பெடல் திரும்பி வரும். பேயும் இல்ல, பிசாசும் இல்ல.

இதுல இன்னொரு வேடிக்கை. 8,000 யூரோவுக்கு மேல கொடுத்து மாட்டற செராமிக் டிஸ்க்குக்குப் பின்னாடி ஓடறதும் இதே ஜாதி திரவம்தான். அதையும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தச் சொல்றாங்க. அதோட ஒரு தடவை பிரேக் அடிக்கறதுல செராமிக் ஒண்ணும் கிட்டத்துல நிறுத்திடாது. நல்ல இரும்பு பிரேக்கே டயரை லாக் பண்ற அளவுக்குப் பிடிக்கும். அதுக்கு மேல ரோட்டைப் பிடிக்க வேண்டியது டயர். செராமிக்கோட அருமை பத்தாவது, இருபதாவது மிதியில தெரியும்.

பாண்டி வந்ததும் நேரா நெல்லித்தோப்பு. பாய் பழைய ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சுக் காட்டினார். வரக்காப்பி. புதுசு வெளிர் மஞ்சளா தேன் மாதிரி இருந்துச்சு. ஆயில், பின் ஷூ, ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்தினார். "நான் சொன்னேனே"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இனிமேதான் முக்கியமான ஆள் வர்றார். எங்க அப்பா.

அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். விழுப்புரம், கடலூர், திண்டிவனம்னு எல்லா ரோடும் அவருக்கு உள்ளங்கை. நான் வண்டி கத்துக்கிட்ட காலத்துல அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, "எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்ல இறங்கு"தான். அன்னிக்கு ராத்திரி நான் வீட்டுக்கு வந்தப்ப வாசல்ல ஈஸி சேர்ல உக்காந்திருந்தார். எழுந்து வந்து இடது பக்கக் கீறலைத் தடவிப் பார்த்தார். முன் வீல்கிட்ட குனிஞ்சு மோந்து பார்த்தார். அந்த வாடை மூணு நாள் போகாதுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"நியூட்ரல்ல இறக்கினியா?"

"இல்லப்பா. எதிர்ல பஸ் வந்துச்சு, ஒதுங்கினேன்."

"ம்"னார். போய் உக்காந்துட்டார். அதுக்கப்புறம் அதைப் பத்தி அவரும் கேக்கல, நானும் சொல்லல. ஆனா அடுத்த வாரத்துலேர்ந்து நான் வண்டி எடுக்கும்போதெல்லாம், "ஆயில் பாத்தியா?"ன்னு மட்டும் கேப்பார். 2020-ல அவர் போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அன்னிக்கும் பின் சீட்டுல சாய்ஞ்சுக்கிட்டு அதையேதான் கேட்டார். ஒரு தடவை, ஒரே தடவை, "ஆமாப்பா, நியூட்ரல்ல விட்டேன்"னு சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியும்கறது எனக்கும் தெரியும். இருந்தும் சொல்லல.

மாப்ள கதையையும் முடிச்சுடறேன். போன வருஷம் பேசும்போது, "மச்சான், இரும்புக்கே திரும்பிட்டேன்"னான். ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போய் அடிக்கடி காய்ச்சினதுல டிஸ்க் உள்ள இருக்கற கார்பன் எரிஞ்சு தேஞ்சுடுச்சாம். போதாததுக்கு வீல் கழட்டும்போது ஒரு டிஸ்க்கோட விளிம்பு இடிச்சு சில்லு பேந்துடுச்சாம். புதுசுக்குக் கேட்ட விலையில மயக்கமே வந்திருக்கும். டிராக்குல வண்டி ஓட்டற நிறைய பேர் இப்படித்தான் செராமிக்கைக் கழட்டிப் பத்திரமா வெச்சுட்டு இரும்பு போட்டுக்கறாங்களாம். தேஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற போடலாம் பாருங்க. "காலிப்பர்?"னு கேட்டேன். "மஞ்சள் அப்படியேதான் கீது"ன்னான். :-)

இந்த ஊர் நம்பர் போட்ட லம்போர்கினி, போர்ஷே எல்லாம் எந்தெந்த ஊர்லயோ ஓடுது. வரி குறைச்சல்னு வெளி மாநிலத்துக்காரங்க சிலர் பாண்டிச்சேரி விலாசம் கொடுத்துப் பதிஞ்சாங்கன்னு 2017-ல பெரிய சர்ச்சையே வந்துச்சு. அதுல எத்தனை வண்டியில மஞ்சள் காலிப்பரோ தெரியாது. என் ஜென்னும் பிஒய்-01 தான். ரெண்டு தடவை ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிச்சாச்சு. 2019 ஏப்ரலுக்கு மேல விக்கற புதுக் கார் எல்லாத்துலயும் ஏபிஎஸ் கட்டாயம். இதுல அதுவும் கிடையாது.

அதனாலதான் சாவியோட நின்னேன். அப்புறம் பொண்ணை பானெட் பக்கம் கூப்பிட்டேன். பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினேன். மேல் கோடு, கீழ் கோடு, கலர் எப்படி இருக்கணும், எத்தனை வருஷத்துக்கு மாத்தணும் எல்லாம் சொன்னேன். அவ பொறுமையாக் கேட்டுட்டு, "இதெல்லாம் உனக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தது, தாத்தாவா?"ன்னா.

"தாத்தா சொன்னார். நான் கேக்கல"ன்னேன். எட்டாவது வளைவு ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "ரேடியேட்டர் சூடாச்சே, அதானே?"ன்னா. இல்லம்மான்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம் டப்பா மூடியைத் தானே திருகி மூடிட்டு, டிரைவர் சீட்டுல உக்காந்து, வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பெடலை ஒரு தடவை மிதிச்சுப் பார்த்தா.

"கல்லு மாதிரி இருக்குப்பா"ன்னா.

லாஸ்பேட்டைக்குப் போனோம்.

டிஸ்கி 1: மலைக்குப் போறவங்க பிரேக் ஆயில் எப்ப மாத்தினதுன்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க. இறங்கும்போது கியர்ல இறங்குங்க. பெட்ரோலும் மிச்சம் ஆகாது. கியர்ல இறங்கினா இன்ஜெக்‌ஷன் வண்டியில எஞ்சினுக்குப் பெட்ரோல் போறதையே நிறுத்திடும், நியூட்ரல்ல விட்டாத்தான் எஞ்சின் ஓட பெட்ரோல் வேணும். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு மலை தேவைப்பட்டுச்சு.

டிஸ்கி 2: வீட்டம்மா இதைப் படிச்சிட்டு இருந்தா... சாரிம்மா. ராத்திரி டிபன் நானே பண்ணிடறேன்.